உள்ளத்தின் மருத்துவத்திற்கு ஒரு விண்ணப்பம்

நம் சமுதாயத்தில் ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றுவிட்டால் ஊரே மகிழ்கிறது. பொறியியல் என்றால் உற்றார் உறவினர் வாழ்த்துகின்றனர். கணக்காயர் படிப்பென்றால் வணிகக் குடும்பங்களில் அதற்கென ஒரு தனி மதிப்பே உண்டு. ஆனால், உளநோயுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியல் பயிற்சிக்கு நம் மகள் விண்ணப்பித்திருக்கிறாள் என்று நாம் கூறியபோது, கேட்டோர் முகங்களில் தயக்கமே படர்ந்தது. "பைத்தியத்துக்கு வைத்தியமா? அதுக்கு நம்ம வீட்டுப் பிள்ளைதானா போகணும்?" என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார்.

அக்கேள்வியில் ஏளனம் இருக்கவில்லை, பரிவே இருந்தது. பரிவோடு கேட்கப்படும் கேள்விக்குப் பொறுமையோடு விடை கூறுவது நம் கடமை. நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கொண்டே அவ்விடையைக் கூற முற்படுகிறோம். பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிச் சிந்தித்துக் கொண்டிருக்கும் பெற்றோர் எவருக்கேனும் இது பயன்படுமாயின் அதுவே போதும்.

நம் துணைவியாரின் இளைய சகோதரர் இருபத்து மூன்றாம் வயதில் நோயுற்றார். எவரோ தம்மைப் பற்றி ஓயாது பேசுவது காதில் விழுவதாகக் கூறினார். உறக்கம் அவரை விட்டு நீங்கிற்று. கடையில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து வெயிலில் நடக்கத் தொடங்கிவிடுவார். ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், பார்வை கழித்தார்கள். பின்னர், வெளியூரில் இருந்த காப்பகம் ஒன்றில் ஏழு மாதங்கள் விட்டுவைத்தார்கள். அங்கிருந்து அவர் கணுக்காலில் ஒரு வடுவோடு திரும்பினார். அவ்வடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை அவர் இன்றளவும் கூறியதில்லை. அறியாதவர் நம் வீட்டில் எவரும் இல்லை.

அதன் பின்னரே மருத்துவமனைக்குச் சென்றோம். அல்லாஹ்வின் அருளால் மருந்து பலன் தந்தது, குரல்கள் அடங்கின. எனினும் வாழ்க்கை மீளவில்லை. கடைக்குத் திரும்பச் செல்ல அவர் அஞ்சினார். ஜும்ஆவுக்குப் போனால் எல்லோரும் தம்மையே நோக்குவதாக எண்ணி மருகினார். நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டிய மருத்துவர் ஐந்து நிமிடம் ஒதுக்கி மருந்தெழுதித் தந்தார். அவரைக் குறைகூற இயலாது. ஆனால், நோய் தணிந்த ஒருவன் மீண்டும் மனிதரிடையே நடமாடக் கற்பதற்கு உடனிருந்து கைகொடுப்பார் எவரும் இல்லை. பள்ளிச் சிறுமியாய் இருந்த நம் மகள்தான் மாலைதோறும் மாமாவுக்கு எதிரே கேரம் பலகையை வைத்து அமர்வாள். அவ்விளையாட்டின்போது மட்டும் அவர் சிரிப்பார்.

இந்தப் படிப்பின் மீது அவளுக்கு நாட்டம் பிறந்தது அந்தப் பலகையின் அருகில்தான் என்பது நம் எண்ணம்.

இது எத்தகைய கல்வி?

உளநோய் மருத்துவர் வேறு. மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் உளநோய்த் துறையில் பட்டம் பெற்று, மருந்து வழங்குபவர். பின்னவர் உளவியலில் முதுகலை கற்று, அதன்மேல் மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்று, சோதனைகளால் நோயின் தன்மையை ஆராய்ந்து, முறையான உரையாடலாலும் பயிற்சிகளாலும் நோயாளியைத் தேற்றுபவர். இவர் மருந்தெழுதுவதில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் துணை.

1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் தொடங்கிய சிறு மனையையே இத்துறையின் முதல் சிகிச்சைக்கூடம் என்பர். நம் நாட்டில் 1954இல் பெங்களூரில் அகில இந்திய உளநல நிறுவனம் அமைந்தது. அடுத்த ஆண்டே அங்கு இத்துறைக்கான பட்டயப் படிப்பு தொடங்கப் பெற்றது. 1974இன் இறுதியில் அந்நிறுவனமும் அருகிருந்த மனநோய் மருத்துவமனையும் இணைந்தே இன்றைய நிம்ஹான்ஸ் உருவாயிற்று. ராஞ்சியிலுள்ள மத்திய உளநோய் மருத்துவ நிறுவனம் 1918இல் ஐரோப்பியருக்கென ஏற்பட்டது. அதுவும் பின்னாளில் இக்கல்விக்கு ஒரு நிலைக்களனாயிற்று. பட்டயம் காலப்போக்கில் எம்.பில். ஆயிற்று. முதுகலைக்குப் பின் ஈராண்டு, முழுநேரமும் நோயாளரிடையே பெறும் பயிற்சி அது.

இந்திய மறுவாழ்வுக் குழுமம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அக்குழுமம் ஏற்பளித்த நிறுவனத்தில் பயின்று, அதன் மையப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே மருத்துவ உளவியலாளர். 2017ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டமும் இத்தகுதியை வரையறுத்துக் கூறுகிறது. ஆறு வாரத்தில், ஆறு மாதத்தில் 'ஆலோசகர்' ஆக்குவதாகக் கூறும் சான்றிதழ்கள் இன்று கடைவீதிப் பொருள்களைப் போல மலிந்துள்ளன. அவற்றைப் பெற்றோர் இதனின்று பிரித்தறிய வேண்டும்.

எழுந்த தடைகள்

நம் வீட்டில் எழுந்த முதல் தடை மார்க்கத்தின் பெயரால் வந்தது. அந்நிய ஆண் நோயாளியோடு ஒரு பெண் தனியறையில் அமர்வது முறையா என்றனர். இது நியாயமான ஐயம். இதனைப் பழமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. பயிற்சி நடைபெறும் துறை ஒன்றிற்கு நேரில் சென்று விசாரித்தோம். கண்ணாடி பதித்த கதவு, அடுத்த அறையில் மேற்பார்வையாளர், நோயாளியோடு வந்திருக்கும் குடும்பத்தார், இடையிடையே வந்து செல்லும் செவிலியர் என அங்குள்ள நிலையைக் கண்டோம். கண்டதை நம் ஊர் ஹளரத் அவர்களிடம் எடுத்துரைத்தோம்.

அவர்கள் சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நினைவூட்டினார்கள். மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று 'இஹ்யா'வில் அவ்விமாம் வகுத்திருக்கிறார்கள். ஊரில் சிலரேனும் அதனைக் கற்றால் அனைவர் கடமையும் நீங்கும். ஒருவரும் கற்கவில்லையெனில் ஊர் முழுதும் குற்றத்திற்குள்ளாகும். மார்க்கச் சட்டம் கற்போர் மிகுந்திருக்க, மருத்துவத்திற்கு முஸ்லிம் ஒருவர்கூட இல்லாத ஊர்களைக் கண்டு அவர்கள் அன்றே வருந்தியிருக்கிறார்கள். "நம்ம ஜில்லாவில் இந்தப் படிப்புப் படிச்ச நம்ம பெண் ஒருத்தி இருக்காளா? இல்லைன்னா, வெளியே சொல்ல முடியாத துயரத்தோடு இருக்கிற நம்ம பெண்கள் யாரிடம் போவாங்க?" என்று ஹளரத் அவர்கள் கேட்டார்கள். நம்மிடம் விடை இல்லை. அத்தடை அங்கேயே நீங்கியது.

அந்த இமாமின் வாழ்வே இவ்விடயத்தில் ஒரு படிப்பினை. 1095ஆம் ஆண்டில், பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் புகழின் உச்சியில் இருந்தபோது, அவர்களால் பாடம் சொல்ல நாவெழவில்லை. உணவு உள்ளே இறங்கவில்லை. நோயின் மூலம் உடலில் அன்று, உள்ளத்தில் உள்ளது என்று மருத்துவர்கள் கண்டனர். இதனை அவர்களே தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் பெருமகனார் கூற நாணாத ஒன்றைக் கூற நாம் நாணுகிறோம். மகன் யூசுஃபைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. துயர் மிகுதலை ஈமானின் குறைவென்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டாம் தடை திருமணத்தைப் பற்றியது. பக்கத்து ஊரிலிருந்து பேசிவந்த ஒரு நல்ல சம்பந்தம், பெண் எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் நின்றுபோயிற்று. நம் துணைவியார் இரண்டு நாள்கள் சரியாக உண்ணவில்லை. மகள் தன் தாயாரிடம், "உம்மா, மாமா வீட்டிலிருந்து பெண் எடுக்க மாட்டோம்னு ஏற்கெனவே சொன்னவங்கதானே இவங்க? என் படிப்பு இல்லேன்னாலும் நின்றிருக்கும்" என்றாள். அவள் கூறியது உண்மை. ஒருவருக்கு உளநோய் வந்தால் அவ்வீட்டுப் பெண்கள் அனைவரும் விலை கொடுக்கின்றனர். அதற்கு அஞ்சியே குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைப்பதால் நோய் முற்றுகிறது. இச்சங்கிலி எங்கேனும் ஓரிடத்தில் அறுபட்டாக வேண்டும்.

விண்ணப்பமும் நேர்காணலும்

2018ஆம் ஆண்டில் அவள் முதன்முறையாக விண்ணப்பித்தாள். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும் என்பது பொதுவிதி. சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அதன்மேல் எழுத்துத் தேர்வு, அதன்மேல் நேர்காணல். ஒவ்வொரு நிறுவனத்திலும் இடங்கள் மிகச் சிலவே. எனவே ஒரே பருவத்தில் ஐந்தாறு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, ஊர் ஊராகத் தேர்வெழுதச் செல்வதே வழக்கம். இரயில் வண்டியில் அவளோடு நாமும் அலைந்தோம். அவள் புள்ளியியல் வாய்ப்பாடுகளைப் படித்துக்கொண்டு வருவாள். நாம் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு வருவோம்.

தேர்வைக் காட்டிலும் கடினமாக இருந்தது, 'இப்பயிற்சியை ஏன் நாடுகிறீர்?' என்ற வினாவிற்கு எழுதித்தர வேண்டிய ஒரு பக்க விடை. அவள் மாமாவைப் பற்றி எழுதினாள். மூன்று பக்கம் வந்தது; சுருக்கினாள். வாசித்த நமக்குக் கண் கலங்கிற்று. இதனைப் படித்து இடம் தராதார் யார் இருக்கக்கூடும் என்று எண்ணினோம்.

நேர்காணலில் அறிஞர் ஒருவர் அமைதியாகக் கேட்டாராம்: "நாளை உங்கள் முன் அமரும் நோயாளி மருந்தைத் தூக்கி எறிந்தால், நீங்கள் காண்பது அவரையா, உங்கள் மாமாவையா?" அவளால் விடை கூற முடியவில்லை. அவ்வாண்டு எங்கும் இடம் கிடைக்கவில்லை.

அக்கேள்வியைப் பற்றி நாம் பலநாள் சிந்தித்தோம். அது கடுமையான கேள்வி. ஆனால் சரியான கேள்வி. தன் வீட்டுத் துயரம் ஒருவரை இத்துறையின் வாயில்வரை கொண்டுவரலாம். அதனைச் சுமந்துகொண்டே உள்ளே நுழைந்தால், பிறர் துயரைக் கேட்கக் காதில் இடமிராது. விண்ணப்பத்தைப் படிப்போர் துயரின் அளவை எடைபோடுவதில்லை. அத்துயரை இவர் ஒரு பக்கம் இறக்கிவைத்துவிட்டு, எதிரே இருப்பவரின் சொல்லைக் கேட்கக் கூடியவரா என்பதையே ஆராய்கின்றனர்.

அடுத்த ஓராண்டு அவள் ஒரு பகல்நேர மறுவாழ்வு இல்லத்தில் ஊதியமின்றிப் பணியாற்றினாள். நோய் தணிந்தோர் அங்கு வந்து காகித உறை செய்வர், மெழுகுவத்தி வார்ப்பர். ஒரு நாளைக்கு நூறு உறை செய்தவர் மறுநாள் ஒன்றும் செய்யாமல் சுவரை நோக்கி அமர்ந்திருப்பார். தொடக்கத்தில் அவரை ஊக்கப்படுத்த அவள் ஓயாமல் பேசுவாளாம். அங்கிருந்த மூத்த பணியாளர் அம்மையார் ஒருவர், "பேசாமல் பக்கத்தில் உட்காரு, அவரா பேசட்டும்" என்றாராம். பக்கத்தில் உட்காரக் கற்பதற்கே தனக்கு ஆறு மாதம் ஆயிற்று என்று பின்னர் கூறினாள்.

2019இல் எழுதிய விடையில் மாமாவுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. எஞ்சியவை அந்த இல்லத்தில் கண்டவை, தான் செய்ய முயன்றவை, பலிக்காதவை, இனிக் கற்க வேண்டியவை. படித்தபோது நமக்குக் கண் கலங்கவில்லை. ஆனால் ஒரு தொழிலுக்குரியவளின் எழுத்தாக அது இருந்தது.

அம்முறை நேர்காணலில் வேறொரு வினா எழுந்தது. தன்னை ஜின் பிடித்திருப்பதாக ஒரு நோயாளி கூறினால் என்ன செய்வீர் என்று கேட்டனர். அவளுடைய முக்காட்டைப் பார்த்துக் கேட்கப்பட்ட வினாவாகவும் அது இருக்கலாம். எவரிடமும் கேட்கத்தக்க வினாவும் ஆகும். அவள் கூறிய விடையை இங்கு எழுதத் தோன்றுகிறது:

"ஜின் என்ற படைப்பு உண்டு என்பது என் நம்பிக்கை. ஆனால் அவர் என்னிடம் வந்தது அதைப் பற்றி வாதிடுவதற்கு அன்று. எப்போது தொடங்கியது, இரவில் உறங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, அந்தக் குரல் அவரை எதையாவது செய்யத் தூண்டுகிறதா, தம்மை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்பேன். உளநோய் மருத்துவரிடம் காட்டுவேன். அவர் குடும்பத்தார் ஓதிப் பார்க்க விரும்பினால் தடுக்க மாட்டேன்; மருந்தை நிறுத்தாதீர்கள், கட்டிவைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்."

இடம் கிடைத்தது. அல்ஹம்து லில்லாஹ்.

பயிற்சியின் ஈராண்டு

அந்த ஈராண்டுகளைப் பற்றி அவள் நம்மிடம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறாள். நோயாளி கூறியது அமானிதம், பெற்றோரிடமும் கூறலாகாது. ஆயினும் படிப்பின் போக்கை ஒருவாறு அறிந்தோம். காலையில் புறநோயாளர் பிரிவு. ஒருவருடைய வரலாற்றை அவரிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுதவே பல மணி நேரம் ஆகும். பின்னர் நுண்ணறிவுச் சோதனை, நினைவாற்றல் சோதனை, 1921இல் ரோர்ஷாக் வெளியிட்ட பத்து மைத்தட அட்டைகளைக் கொண்ட சோதனை. எழுதியதை மேற்பார்வையாளர் முன் வைத்தால் பாதிக்கு மேல் அடித்துத் திருப்பித் தருவார். அதன்மேல் சிகிச்சை உரையாடல்கள், ஆய்வேடு, தேர்வுகள். இடையில் 2020இன் பெருந்தொற்று வந்து, சில காலம் தொலைபேசி வாயிலாகவே நோயாளரோடு உரையாடும் நிலையும் ஏற்பட்டது.

நம் மக்களின் மொழியும் மார்க்கமும் அறிந்தவர் இத்துறைக்கு ஏன் தேவை என்பதை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வஸ்வாஸ் எனும் மன ஊசலாட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். சிலரிடம் அது நோயாக முற்றிவிடுகிறது. உளூச் செய்யும்போது ஓர் உறுப்பு நனையவில்லையோ என்ற ஐயம், மீண்டும் கழுவுவார், மீண்டும் ஐயம். வக்து கடந்துவிடும், கைத்தோல் வெடித்துவிடும். இவருக்கு 'கழுவாதே' என்று வெறுமனே கூறும் மருத்துவரிடம் நம்பிக்கை பிறக்காது; தம் தொழுகையையே அவர் கெடுக்கப் பார்ப்பதாக எண்ணுவார். ஒவ்வோர் உறுப்பையும் மும்முறை கழுவுதலே சுன்னத்தின் எல்லை என்பதை அறிந்த ஒருவர், 'மூன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திய பின் எழும் தவிப்பைக் கழுவாமலேயே பொறுத்திருங்கள். அது ஏறி, பின் தானே இறங்கும்' என்று படிப்படியாகப் பயிற்றுவிக்கிறார். இக்கால உளவியல் இந்நோய்க்குக் கண்ட முதன்மையான சிகிச்சை முறை இதுவே. வஸ்வாஸ் உடையவர் அந்த ஐயத்தைப் பொருட்படுத்தலாகாது என்றே நம் சட்ட அறிஞர்களும் கூறியுள்ளனர். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் 'தல்பீஸ் இப்லீஸ்' நூலில் உளூவில் எழும் இவ்வஸ்வாஸைக் கண்டித்திருக்கிறார்கள்.

அதனினும் முற்பட்டவர் அபூ ஸைத் அல்பல்கீ. கி.பி. 934இல் மறைந்த அவ்வறிஞர் உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலத்திற்குமாக ஒரே நூல் எழுதினார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என உள்ளத்தின் நோய்களை வகைப்படுத்தினார். உடல்நோய்க்கு மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, உள்ளம் நலமாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்து, நலிவுற்றபோது எடுத்தாள வேண்டும் என்பது அவர் கருத்து. இந்நூலின் உளநலப் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் தந்தவர் சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி. மேலை உளவியலை அப்படியே விழுங்கிவிடும் முஸ்லிம் மாணவரை 1979இலேயே ஒரு நூல்வழி எச்சரித்தவர் அவர். அதே வேளையில் முறையான பயிற்சியைத் தாமே பெற்று, நோயாளரைக் கவனித்து, 2021இல் மறையும்வரை இத்துறையிலேயே உழைத்தார். டமாஸ்கஸில் 1154இலும், கெய்ரோவில் 1284இலும் எழுந்த மருத்துவமனைகளில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் அமைத்த மருத்துவமனையில் நீரோசையும் இசையும்கூட மருந்தாயின. இக்கல்வி நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதன்று.

விண்ணப்பிக்க விழைவோருக்கு

இன்றைய நிலையையும் கூறிவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. எனினும் 2024 ஜனவரியில், மருத்துவ உளவியலுக்கும் உளநோய்ச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளிக்கப்பட்டது. மறுவாழ்வுக் குழுமம் மருத்துவ உளவியலில் எம்.ஏ., சை.டி. ஆகிய படிப்புகளை வகுத்துள்ளது. ஆகவே முன்னர் படித்தவர் கூறும் வழியை அப்படியே பின்பற்றலாகாது. விண்ணப்பிக்கும் ஆண்டில் குழுமத்தின் அறிவிப்பையும், நாடும் நிறுவனத்திற்கு அவ்வாண்டில் ஏற்பு உள்ளதா என்பதையும் நேரடியாகச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும். அரசு நிறுவனங்கள் சிலவற்றில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. தனியார் நிறுவனங்களில் கட்டணம் பல இலட்சத்தைத் தொடும். வசதி குறைந்த மாணவர் அரசு நிறுவனங்களின் தேர்வுக்கே முதலில் ஆயத்தமாக வேண்டும். மருத்துவமனையிலோ, சிறப்புப் பள்ளியிலோ, மறுவாழ்வு இல்லத்திலோ சில மாதம் தொண்டாற்றிய பின் விண்ணப்பித்தால், எழுதுவதற்கும் பேசுவதற்கும் மெய்யான பொருள் கிட்டும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையை இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் உயிர் துறந்தனர். அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். அங்கே அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் நலம் நாடியே வந்தன. அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடுத்துவிட்டது. துஆவோடு மருந்தும் சேரட்டும் என்ற நோக்கில் தர்கா வளாகத்திலேயே மருத்துவம் கிடைக்கச் செய்யும் திட்டங்களும் வந்தன. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் இத்தகைய முயற்சி நடந்தது. ஏர்வாடியிலும் அவ்வழி மேற்கொள்ளப்பட்டது.

ஆனால் சட்டமும் திட்டமும் மட்டும் நோயாளியின் எதிரே அமர்ந்து செவிசாய்க்க மாட்டா. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய உளநல ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் உளநலக் குறைபாட்டோடு வாழ்வதாகக் கண்டது. நோய்க்கு நோய் வேறுபடினும், அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை என்றும் கண்டது. பத்தில் ஒருவர் என்றால், நம் ஜமாஅத்தில், நம் ஸஃப்பில், நம் தெருவில் அவர் இருக்கிறார். கணவர் கடல்கடந்து உழைக்க, ஆண்டுக்கணக்கில் தனிமையில் வாடும் பெண்ணாக அவர் இருக்கலாம். தேர்வில் தோற்று அறைக்கதவைத் தாழிட்ட மாணவனாக இருக்கலாம். அத்தகையோருக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்கி வருகிறது என்பதையும் இல்லந்தோறும் அறிந்திருத்தல் நலம். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் அமர்வதற்கும் மனிதர் வேண்டும். அவர்களை வளர்த்து அனுப்ப வேண்டியவர்கள் நாம்.

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே. அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் இயல்பு உங்கள் மகனிடமோ மகளிடமோ இருக்குமாயின், அதனைப் பிழைக்கத் தெரியாத குணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இக்கல்வியைப் பற்றி விசாரியுங்கள், விண்ணப்பிக்க விடுங்கள், ஒருமுறை இடம் கிடைக்காவிடின் மறுமுறை எழுதத் துணை நில்லுங்கள். ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் மருத்துவம், பொறியியல் மாணவருக்கு வழங்கும் உதவித்தொகையில் ஓரிடத்தை இத்துறைக்கு ஒதுக்குவார்களாக. ஒரு மாவட்டத்திற்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று கற்றுத் திரும்பினாலும், ஒரு தலைமுறைக்குள் பல இல்லங்களின் மூடிய கதவுகள் திறக்கும்.

நோயையும் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்த வல்ல நாயன், அந்நிவாரணத்தைத் தேடிக் கற்கும் நம் பிள்ளைகளின் முயற்சியை ஏற்றருள்வானாக! துயருற்ற உள்ளங்கள் அனைத்திற்கும் அமைதியை அளிப்பானாக! ஆமீன்.